பிடித்தம் அண்ணன்

பென்சிலை முதலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுத்துவிடுவார். பிறகு மேசைக் காலண்டரை அவர் பக்கமாகத் திருப்பி வைப்பார். "ராஜினாமா குடுத்த தேதியில ஒரு வட்டம் போடுங்க. கடைசியா வேலைக்கு வரப்போற தேதியில இன்னொரு வட்டம். நடுவுல எத்தனை நாள் இருக்குன்னு நீங்களே எண்ணுங்க."

வேலையை விட்டுப் போகிறவருக்கு ஏற்கெனவே ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும். "நீங்க போட்டா சரியாத்தான் சார் இருக்கும்" என்பார்.

"எண்ணிட்டுச் சொல்லுங்க, சரியா இருக்குன்னு." காலண்டர் இன்னும் ஓர் அங்குலம் நகரும்.

சென்ற மாதம் நான் பழைய சகாக்களைப் பார்க்கப் போயிருந்தபோதும் இதே காட்சிதான். எதிரே இருந்தவர் பெயின்ட் அடிக்கும் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண். உதடு அசைய அசைய எண்ணிக்கொண்டிருந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, தேர்வுக்கூடத்துக் கண்காணிப்பாளர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரும்பு அலமாரி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் வேலையை விடுகிற ஒவ்வொருவருக்கும் கடைசிக் கணக்கைப் போட்டுக் கொடுப்பவர் இவர். நிரந்தரத் தொழிலாளி என்றால் முப்பது நாள், அலுவலக ஊழியர் என்றால் அறுபது நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சீக்கிரம் கிளம்பினால், குறைகிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் பிடித்துக்கொள்வார்கள். எடுக்காமல் மீதமிருக்கும் விடுப்பை அதற்கு ஈடுகட்டலாம். இவ்வளவுதான் விதி. ஆனால் அந்த விதியைக் கையால் எழுதி, கூட்டிக் கழித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் இவர் என்பதால் பழி முழுவதும் இவர் தலையில்தான் விடியும். "பிடித்தம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தம் அண்ணன். இவர் கல்யாணத்துக்கு வெல்டிங் பிரிவிலிருந்து வந்த வாழ்த்து அட்டையில், "பிடித்தம் போக மீதி வாழ்க்கை அண்ணிக்கு" என்று எழுதியிருந்ததாம். அந்த அட்டையை இவரே பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

பதினோரு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் இருந்தேன். வருகைப் பதிவேடும் விடுப்புப் பதிவேடும் என் பொறுப்பு. எங்கள் அறை மாடியில் இருந்தது. கீழே தகடு வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் என் தம்ளரில் தண்ணீர் வட்டம் போடும். காற்றாடி சுற்றினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். காகிதம்தான் முக்கியம் என்று தகட்டு வெட்டுத்துண்டுகளைப் பாரமாக வைத்துக்கொண்டோம். அவற்றின் விளிம்பு கீறி எங்கள் இருவர் விரலிலும் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். அந்த அறையின் இரும்பு வாசனை, பெயின்ட் வாசனை, பன்னிரண்டே முக்காலுக்கு அவர் டிபன் பாக்ஸைத் திறக்கிற சத்தம் எல்லாம் இப்போது நான் வேலை செய்கிற அமைதியான நூலகத்தில் சில மத்தியானங்களில் திடீரென்று என்னிடம் வந்துவிடுகின்றன. அங்கே இருந்தபோது எப்போதடா இந்தச் சத்தத்திலிருந்து தப்பிப்போம் என்றுதான் இருந்தது.

ஆட்களை அவருக்குப் பெயரால் தெரியாது, சேர்ந்த தேதியால்தான் தெரியும். படியில் யாராவது வணக்கம் சொன்னால் ஒரு நொடி முகத்தைப் பார்ப்பார். "பதினாலு ஜூன்தானே நீங்க? அம்மா எப்படி இருக்காங்க?" அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். பெயர் இருக்காது. நான் அவருக்கு மூணு ஏப்ரல். கோபம் வந்தால் மூணு ஏப்ரல், மற்ற நேரத்தில் தங்கச்சி.

கோபம் அதிகம் வராது. சிரிப்பும் அதிகம் வராது. சிரிப்பு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

நான் சொல்ல வந்தது கிரேன்காரர் விஷயம்.

கிரேன்காரர் தகட்டுச் சுருள்களைத் தூக்கி வைக்கிறவர். கூரைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரை அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். கீழே இறங்கி மாடிப்படி ஏறி எங்கள் அறைக்கு வந்தது ஒரே ஒரு முறை. மனைவிக்கு வயிற்றில் அறுவை, ஆஸ்பத்திரி வேறு ஊரில், இனி அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தே நாள் அவகாசம் கொடுத்து ராஜினாமா எழுதியிருந்தார். முப்பதில் பத்து போக இருபது நாள் குறைவு. அண்ணன் விடுப்புக் கணக்கு கேட்டார். நான் பதிவேட்டைப் புரட்டி ஆறு நாள் என்றேன். பதினாலு நாள் சம்பளம் பிடித்தம் ஆயிற்று. கிரேன்காரர் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். வாய் திறந்தார், மூடினார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். நீல அட்டை போட்ட பழைய புத்தகத்தில் கிரேன்காரர் பக்கம் வந்தது. அதன் கடைசி வரியில், முந்தைய ஆண்டு மீதி பன்னிரண்டு நாள் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. புதுப் புத்தகம் தொடங்கியபோது அந்தப் பன்னிரண்டை நான் கொண்டுவந்து எழுதவில்லை. ஆறும் பன்னிரண்டும் பதினெட்டு. பிடித்திருக்க வேண்டியது இரண்டே நாள்.

புத்தகத்தை மூடினேன். கீழே போய் டீ குடித்தேன். திரும்பி வந்து வேறு புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நான்கு நாள் அப்படியே இருந்தேன். ஐந்தாம் நாள் டிபன் நேரத்தில் அவர் பாக்ஸைத் திறக்கப் போகும்போது நீலப் புத்தகத்தை அவர் முன் விரித்து வைத்தேன்.

பார்த்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

"பன்னெண்டு நாள்" என்றார்.

"என் தப்புண்ணே. புதுப் புத்தகத்துல கொண்டுவந்து எழுதலை."

"புத்தகம் உங்களுது. கையெழுத்து என்னுது. வருஷ மீதி எங்கேன்னு நான் கேட்டிருக்கணும்ல?" பிறகு மெதுவாக, "அந்த மனுஷன் தாளையே பாத்துக்கிட்டு நின்னாரு தங்கச்சி. நான் பேனாவை நீட்டினேன்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போனார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேலாளர் கெட்டவர் இல்லை, மேசை நிறைய வேலை உள்ளவர்.

"முடிஞ்ச ஃபைல். அந்த ஆள் கேட்டாரா?"

"கேக்கலை சார்."

"கேக்காததை நாம ஏன் கிளறணும்?"

"அவருக்குக் கேக்கத் தெரியலை சார். நமக்கு எண்ணத் தெரியும்ல?"

மேலாளர் சற்று யோசித்தார். உள்ளபடியே ஒரு வழி சொன்னார். பழைய கணக்கைத் திறந்தால் தலைமை அலுவலகம் வரை போகும், யார் தவறு என்று எழுத வேண்டியிருக்கும். பெரிய தொகையும் இல்லை. நாம் நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர் கையில் கொடுத்துவிடலாம், என் பங்கை இப்பவே தருகிறேன் என்று பையில் கைவிட்டார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. சரி என்று சொல்லுங்கள் அண்ணே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"நாம குடுத்தா அது தானம் சார். அவருக்கு வரவேண்டியது சம்பளம்."

தலைமை அலுவலகத்துக்கு நான்கு மாதம் எழுதினார். ஒவ்வொரு கடிதத்திலும் "எனது கவனக்குறைவால்" என்றுதான் இருந்தது. என் பதிவேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. தட்டச்சு செய்தவள் நான்தான். முதல் கடிதத்தில் "விடுப்புப் பதிவேட்டில் விடுபட்டதால்" என்று நானே சேர்த்து அடித்தேன். அதைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அந்த வரி வேண்டாம். ரெண்டு பேருக்கு மெமோ குடுக்கற அளவுக்கு இது பெரிய விஷயமில்லை." எனக்கு அப்போது குழந்தைக்கு இரண்டு வயது, கணவருக்கு வேலை இல்லை. நான் மறுபடி அந்த வரியைச் சேர்க்கவில்லை.

கடைசியில் காசோலை வந்தது. கூடவே அவருக்கு ஒரு மெமோ, ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். மெமோவை ஃபைலில் போட்டுவிட்டு, காசோலையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை படித்தார். அவர் மனைவி என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்: "ஊரான் பன்னெண்டு நாளுக்கு எங்க வீட்டுல ஒரு வருஷம் போச்சு. கேட்டா, கணக்கு சரியாயிடுச்சுங்கறாரு. யாருக்குச் சரியாச்சு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

காசோலையைத் தபாலில் அனுப்பினோம். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வெல்டிங்காரர் ஒருவருடைய மைத்துனர் மூலம் இடம் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். மர டிப்போவுக்குப் பின்னால், இரும்புப் படி ஏறிப் போகிற மாடியில் ஒற்றை அறை. வாசலில் மரத்தூள் படிந்த செருப்புகள். கிரேன்காரர் இப்போது டிப்போவில் மரம் இறக்குகிறார். மனைவி தேறியிருந்தார். மடியில் ஒரு சட்டைக் குவியல். தையல் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார். இருந்த ஒரே நாற்காலியை எங்களுக்குக் கொடுத்தார்கள். அண்ணன் உட்காரவில்லை, என்னையும் உட்கார விடவில்லை.

"அன்னைக்கு உங்க கணக்குல பன்னெண்டு நாள் கூடுதலாப் பிடிச்சுட்டேன். தப்பு என்னுது. இது அந்தச் சம்பளம்."

கிரேன்காரர் காசோலையை வாங்கவில்லை. எங்களையே பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அன்னைக்கே கொறைவாத்தான் பட்டுச்சு சார்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா, இருக்கறதையும் நிறுத்தி வெச்சுருவாங்களோன்னு பயம். இவளை அன்னைக்கு சாயங்காலம் சேக்கணும்."

அந்த மனைவி பல்லில் நூலைக் கடித்து அறுத்தார். "ஆஸ்பத்திரியில முன்பணம் பத்தலைன்னு என் தையல் மிஷினை வித்துட்டாரு. எங்க அப்பா வாங்கிக் குடுத்தது." குரலில் சண்டை இல்லை. பக்கத்து ஊரில் மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். "இப்ப இதுக்கு அந்த மிஷின் வருமா?"

"வராதும்மா" என்றார் அண்ணன்.

"வட்டி ஏதும் உண்டா?"

"கேட்டேன். குடுக்கலை."

அந்த நேரம் நான் பேசியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது நான் என்று ஒரே ஒரு வாக்கியம். கீழே ரம்பம் மரத்தை அறுக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். "பன்னெண்டுன்னு எப்படிச் சொல்றீங்க? எனக்குக் காட்டுங்க." அண்ணன் பையிலிருந்து தாளை எடுத்தார். அந்த அம்மாள் தாளைத் தள்ளிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றித் தரையில் போட்டார். "இதுல காட்டுங்க. தாளு எனக்குப் புரியாது." இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். முதலில் அண்ணன் விரலை வைத்தார். "நான் வெக்கிறேன்" என்று அந்த அம்மாள் தன் விரலை வைத்தார். முப்பது கட்டம் எண்ணினார். வந்த பத்து நாளைக் கழித்தார். விடுப்புப் பதினெட்டை ஒவ்வொன்றாகத் தாண்டினார். இரண்டு கட்டம் மிஞ்சியது. நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "ரெண்டுதான் வருது. இதைத்தான் அன்னைக்கு நீ எண்ணியிருக்கணும்." பிறகுதான் காசோலையை வாங்கிக்கொண்டார். டீ போட்டுத் தந்தார். மன்னித்துவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. கிரேன்காரர் படி வரை வந்து, "பாத்து இறங்குங்க, மூணாவது படி ஆடும்" என்றார்.

அடுத்த நாளே அண்ணன் தன் காசில் ஒரு மேசைக் காலண்டரும் அரை டஜன் பென்சிலும் வாங்கி வந்தார். எதிரே இருந்த ஸ்டூலை அகற்றிவிட்டு, கை வைத்த நாற்காலி போட்டார். அதுவரை கணக்கு முடிக்க வருகிறவர்கள் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டுதான் கையெழுத்துப் போடுவார்கள். "கேளுங்க, கேட்டா ஒண்ணும் கொறையாது" என்பது அன்றிலிருந்து தொடங்கிய வழக்கம். சிலர் கேட்கிறேன் பேர்வழி என்று ஒரு மணி நேரம் உயிரை எடுப்பார்கள். போன பிறகு, "இருவத்தெட்டு அக்டோபருக்கு வாய் காது வரைக்கும் இருக்கு" என்பார். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து என் முறை வந்தது. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது. இருபது நாளில் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ராஜினாமாவை அவரிடமே முதலில் காட்டினேன். ஒரு கமாவைத் திருத்திக் கொடுத்தார். "அறுவதுல இருவது போக நாப்பது" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாளில், ஐந்து வருஷம் எதிர்ப்பக்கம் இருந்து பார்த்த அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். பென்சிலைக் கொடுத்தார்.

"எனக்குமாண்ணே?"

"மூணு ஏப்ரலுக்குத் தனி விதியா?"

எண்ணினேன். விடுப்பு மீதி இருபத்தொன்று. என் பதிவேடுதான், ஆனாலும் பழைய புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தைப் பார்த்தார். பத்தொன்பது நாள் பிடித்தம். மேலாளர் மாறியிருந்தார். புதியவர் நல்லவர், "இத்தனை வருஷம் இருந்தவங்க, ஒரு வாரத்தையாவது விட்டுக்குடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தார். எழுத்தில் தந்தால் ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிடுவதாக அண்ணன் சொன்னார். எழுத்தில் வரவில்லை. பத்தொன்பது நாளும் பிடித்தார். தாளை என் பக்கம் தள்ளி, "ஏதாவது கேக்கணுமா தங்கச்சி?" என்றார்.

கேட்க நிறைய இருந்தது. "இல்லண்ணே" என்று கையெழுத்துப் போட்டேன். கைக்குட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். பிளாஸ்திரி ஒட்டிய விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. எல்லோரும் வாசல் வரை வந்தார்கள், கையசைத்தார்கள், திரும்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் நான் தனியாக நின்றபோது பின்னால் அவர் வந்து நின்றார். அவர் வீடு வடக்கே, என் வீடு தெற்கே. பஸ் வந்ததும் என்னோடு ஏறினார். ஜன்னல் இருக்கையை எனக்கு விட்டார். பாதி வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்த டிப்போ வீட்டுல நான் சொல்லியிருக்கணும். எழுதாம விட்டது நான்னு."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

"டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்றார். "இந்த ரூட்ல செக்கிங் வரும்."

என் நிறுத்தம் வந்தது. இறங்கினேன். அவரும் இறங்கினார். என் கையிலிருந்த பையை வாங்கி, தெரு முனை வரை தூக்கி வந்து, வீட்டு விளக்கு தெரிந்ததும் கையில் கொடுத்தார். போய்விட்டு வருகிறேன் என்றோ, நன்றாக இருங்கள் என்றோ சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தார். எதிர்ப்புறம், வடக்கே போகிற பஸ்ஸுக்காகப் போய் நின்றுகொண்டார்.